படியெடுத்தலும் பாலாலயமும்

மின்னூலகங்களையும் அவற்றின் பாதுகாப்பையும் பற்றிய பாடத்தைப் பயிலத் தொடங்கும் மாணவர், நூலைக் காப்பது என்றால் அதைக் கெடாத இடத்தில் வைப்பது என்ற எண்ணத்துடனேயே வகுப்புக்கு வருகிறார். சில வாரங்களுக்குள் அந்த எண்ணம் ஆட்டங்கண்டுவிடுகிறது. ஓலையும் தாளும் கல்லும் தாமாகவே சில காலம் நிற்கக்கூடியவை. எவரும் தொடாமல் விட்டாலும் நூறு ஆண்டுகளுக்குப் பின் ஏதோ ஒரு பகுதியாவது கண்ணுக்குத் தெரியும். கணினிக் கோப்புக்கு அந்தப் பொறுமை இல்லை. வன்தட்டு சில ஆண்டுகளில் பழுதாகிறது, அதைப் படிக்கும் கருவி சந்தையிலிருந்து மறைகிறது, கோப்பின் வடிவத்தை அறிந்த மென்பொருள் கைவிடப்படுகிறது. இங்கிலாந்தில் 1086இல் தோலில் எழுதப்பட்ட டூம்ஸ்டே என்னும் நிலக்கணக்கு ஏட்டை இலத்தீன் அறிந்தவர் இன்றும் படிக்கலாம்; அதன் 900ஆம் ஆண்டையொட்டி 1986இல் பிபிசி நிறுவனம் லேசர் தட்டுகளில் உருவாக்கிய புதிய டூம்ஸ்டேயைப் படிக்கும் கருவியோ பதினைந்து ஆண்டுகளுக்குள் அரிதாகிவிட்டது. பழைய கணினியின் நடத்தையைப் புதிய கணினியில் அப்படியே நிகழச் செய்யும் எமுலேஷன் என்னும் முறையைக் கொண்டு 2002இல் அதை மீட்க வேண்டியிருந்தது. எனவே மின்பாதுகாப்பு என்பது நடைமுறையில் ஓயாமல் படியெடுத்துக்கொண்டே இருத்தலாகிறது; தட்டு மாறுகிறது, கோப்பு வடிவம் மாறுகிறது, மென்பொருள் மாறுகிறது, காப்பவரும் மாறுகிறார். இத்தனையும் மாறிய பின்னும் காக்கப்பட்டதாகச் சொல்லப்படுவது எது என்ற கேள்வி பாடநூல்களில் ஓரிரு பத்திகளில் முடிந்துவிடுகிறது. இந்தியச் சமயத் தத்துவங்களில் அக்கேள்வி பல நூற்றாண்டுகள் வழக்காடப்பட்ட ஒன்று.

அவ்வழக்கில் பௌத்தரின் கட்சி கணினிக்கு வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்துகிறது. தோன்றிய பொருள் யாவும் அந்தக் கணத்திலேயே அழிந்து, தன்னை ஒத்த மற்றொன்றைத் தோற்றுவித்துச் செல்கிறது. நாம் ஒரே பொருள் என்று கருதுவது அவ்வாறு ஒன்றையொன்று தொடரும் கணங்களின் வரிசையைத்தான் என்பது கணபங்கவாதம். விளக்கின் சுடர் அதற்கு அவர்கள் தரும் பழைய எடுத்துக்காட்டு. இன்றைய கணினியின் முதன்மை நினைவகத்தில் ஒவ்வொரு பிட்டும், அதாவது ஒன்று அல்லது பூச்சியம் என்னும் மிகச் சிறிய தகவல் அலகும், நுண்ணிய மின்தேக்கி ஒன்றில் மின்னூட்டமாக நிற்கிறது. அந்த மின்னூட்டம் கசிந்துகொண்டே இருப்பதால், ஏறத்தாழ 64 மில்லி நொடிக்கு ஒருமுறை அதைப் படித்து மீண்டும் எழுதாவிட்டால் இருந்தது இல்லாததாகிவிடும். திரையில் அசையாமல் நிற்பதாகத் தோன்றும் ஒரு பாடல், உள்ளே நொடிக்குப் பதினைந்து முறை அழிந்து பிறக்கும் ஒரு வரிசை. வன்தட்டிலும் நாடாவிலும் இதே நிகழ்ச்சி ஆண்டுக் கணக்கில் மெதுவாக நடைபெறுகிறது என்பதைத் தவிர வேறு வேறுபாடு இல்லை.

இக்கட்சிக்கு எதிராகச் சைவ சித்தாந்திகள் எழுப்பிய தடையும் இங்கே அப்படியே வந்து நிற்கிறது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பிற சமயக் கொள்கைகளை எடுத்துரைத்து மறுக்கும்போது பௌத்தர்மீது தொடுக்கும் கேள்விகளின் சாரம், அறிவும் கணந்தோறும் அழியுமானால் நேற்றுக் கண்டதை இன்று நினைவுகூர்பவர் யார் என்பதாகும். இரண்டு கணங்களையும் கடந்து நிற்கும் ஒருவர் இல்லாதபோது, முன்னதும் பின்னதும் ஒத்தவை என்று சொல்வதற்கும் ஆள் இல்லை. மின்காப்பகம் இத்தடைக்குத் தன் வழியில் ஒரு விடை வைத்திருக்கிறது. எவ்வளவு நீண்ட கோப்பையும் ஒரு கணித முறைக்கு உட்படுத்தி நிலையான நீளமுள்ள ஒரு குறியாகச் சுருக்கலாம். எஸ்எச்ஏ-256 என்னும் முறையில் அக்குறி 64 எழுத்துகள் கொண்டது. கோப்பில் ஒரே ஒரு பிட்டு பிறழ்ந்தாலும் குறி முற்றிலும் வேறாகிவிடும் என்பதால், சரிபார்ப்புக் குறி எனப்படும் இதனைத் தனியே வைத்திருந்து, படியெடுத்த ஒவ்வொரு முறையும் மீண்டும் கணக்கிட்டு ஒப்பிடுகின்றனர். நேற்றைய கோப்பும் இன்றைய கோப்பும் ஒன்றே என்பதற்கு அது சாட்சி. ஆனால் அந்தச் சாட்சியும் ஒரு தட்டில் கிடக்கும் கோப்புதான். அதுவும் கசிவது, பிறழ்வது, படியெடுக்கப்பட வேண்டியது. இந்தச் சுழலைத் தனியொரு காப்பகத்தால் வெட்ட முடியாது. 1999இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய லாக்ஸ் என்னும் திட்டம் இதற்குக் கண்ட வழி, ஒரே நூலின் படிகளைப் பல நூலகங்கள் தத்தம் இடங்களில் வைத்துக்கொண்டு, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பெரும்பான்மை எதுவோ அதைக் கொண்டு பிழையுற்ற படியைத் திருத்திக்கொள்வது. வேதத்தைச் சொற்களின் வரிசையை முன்னும் பின்னுமாக மாற்றிச் சேர்த்து கிரமம், சடை, கனம் எனப் பலவாறு ஓதிப் பழகியவர்களும், எழுத்தில்லாமலே, இதே கணக்கைத்தான் போட்டிருக்கின்றனர். ஒருவர் நாவில் நேரும் பிறழ்வை உடன் ஓதுவோரின் ஓசை காட்டிக்கொடுத்துவிடும்.

பிட்டுகள் பிறழவில்லை என்பது உறுதியாகிவிட்டால் நூல் காக்கப்பட்டுவிட்டதா என்னும் கேள்விக்குத் தமிழ் மின்னூல்களின் சிறு வரலாறே விடை சொல்லும். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இலக்கியங்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு தட்டச்சு செய்து இலவசமாக வழங்கும் முயற்சி; தமிழுக்கு அப்போது ஒரே பொதுவான குறியேற்றம், அதாவது எந்த எழுத்துக்கு எந்த எண் என்னும் உடன்பாடு, இருக்கவில்லை. திஸ்கி என்னும் குறியேற்றத்தில் அத்திட்டம் வெளியிட்ட கோப்புகள் பின்னர் ஒருங்குறிக்கு, உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான யூனிகோடுக்கு, மாற்றப்பட்டன. திஸ்கியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் நிற்கும். ‘கெ’ என்பதற்கு முதலில் கொம்பு, அதன் பின் ககரம். ஒருங்குறியில் ஒலிக்கும் வரிசை. முதலில் ககரம், பின்னர் கொம்பு. ஆகவே மாற்றத்தின்போது ஒவ்வொரு எழுத்தின் எண்ணும் மாறியதோடு, பல எழுத்துகளின் வரிசையும் மாறியது; பழைய கோப்புக்கும் புதிய கோப்புக்கும் பொதுவான சரிபார்ப்புக் குறி எதுவும் இருக்க வழியில்லை. திஸ்கிக் கோப்பை ஒரு பிட்டும் பிறழாமல் வைத்திருந்து இன்றைய கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகள் வரிசையாக நிற்கும். ஒரு பிட்டும் மாறாத கோப்பில் பாடல் இல்லை. அனைத்துப் பிட்டுகளும் மாறிய கோப்பில் பாடல் இருக்கிறது.

இன்னும் நெருங்கிப் பார்த்தால் சிக்கல் ஒரே எழுத்துக்குள்ளேயே இருப்பது தெரியும். ஒருங்குறியில் ‘கொ’ என்பதை ககரத்துடன் ஒகரக் குறியைச் சேர்த்தும் எழுதலாம், ககரத்துடன் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். படிப்பவருக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வெவ்வேறு. இதற்கு நேர்மாறாக, ‘கௌ’ என்னும் ஒரே எழுத்தும், ‘கெ’யும் ளகரமும் சேர்ந்த ஈரெழுத்தும் பல எழுத்துருக்களில் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும், தட்டச்சு செய்பவர் ஒன்றுக்கு மற்றொன்றை இட்டுவிட்டால் மெய்ப்புப் பார்ப்பவரும் அறியமாட்டார், அந்தச் சொல்லைத் தேடுபவருக்கு அது என்றைக்கும் அகப்படாது. ஒருமை எந்தத் தளத்தில் இருக்கிறது என்பதை முதலில் முடிவு செய்யாமல், ஒன்றா வேறா என்று கேட்பதற்கே இடமில்லை.

இத்தளங்களைப் பிரித்துக் காட்டியவர்களுள் கென்னத் திபோடோ என்னும் அமெரிக்க ஆவணவியலாளரின் 2002ஆம் ஆண்டுக் கட்டுரை பாடத்தில் தவறாமல் இடம்பெறுவது. தட்டின்மேல் பதிந்த தடமாகிய பருப்பொருள், மென்பொருள் அறியும் கோப்பாகிய தருக்கப் பொருள், மனிதர் நூலென்றோ பாடலென்றோ அறியும் கருத்துப் பொருள் என மின்னாவணம் மூன்று நிலைகளில் உள்ளது என்பது அவர் கூற்று. சைவ சித்தாந்தம் வாக்கை நான்காகப் பகுப்பதை அறிந்த தமிழ் மாணவருக்கு இது புதிதாகத் தோன்றாது. செவிக்குக் கேட்கும் வைகரிக்குப் பின்னே, உள்ளத்தில் சொல்வரிசையாய் நிற்கும் மத்திமையும், வரிசைப்படாத பைசந்தியும், அனைத்துக்கும் மூலமாகிய சூக்குமையும் உள்ளன. மீமாஞ்சகர் இன்னும் ஒரு படி மேலே சென்று, சொல் என்றும் உள்ளது, உச்சரிப்பு அதை வெளிப்படுத்துவது மட்டுமே என்றனர். நையாயிகரோ ஒவ்வொரு முறையும் ஒலி புதிதாகப் பிறந்து அழிகிறது என்று அதை மறுத்தனர். இந்த ஒப்புமையை அளவுக்கு மீறி இழுத்தல் தகாது. வாக்கு நான்கும் உயிர் அறிவு பெறும் வழியை விளக்க வந்தவை. கோப்புக்கு உயிர் இல்லை. ஆயினும் மேல்தளத்தில் ஒருமையை நிலைநாட்ட வேண்டுமானால் கீழ்த்தளத்தில் மாற்றத்தை ஏற்றே ஆக வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது. மேல்தளம் எது என்பதைத் தீர்மானிப்பவர் யார் என்பதில்தான் தொழில்நுட்பம் வாயடைத்துப்போகிறது.

ஓலைச்சுவடியை மின்னுருவாக்கம் செய்யும்போது அத்தீர்மானம் ஒவ்வொரு வரியிலும் எடுக்கப்படுகிறது. பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவில் வேறுபாடு இராது. காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். சொற்களுக்கிடையே இடைவெளி என்பதே இல்லை. ஏட்டின் ஒளிப்படம் இந்த மயக்கங்கள் அனைத்தையும் அப்படியே வைத்திருக்கிறது. அதைப் பார்த்துத் தட்டச்சு செய்பவர் புள்ளி இடுகிறார், குறில் நெடில் பிரிக்கிறார், சொல் பிரிக்கிறார். அந்த நொடியில் அவர் உரையாசிரியராகிவிடுகிறார். ஒளிப்படத்தைத் தேட முடியாது, தட்டச்சுப் படியை நம்பிவிட முடியாது. பாண்டிச்சேரியில் உள்ள பிரெஞ்சு நிறுவனம் முதலியவற்றில் தொகுக்கப்பட்டு, 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்ற ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகளின் பெரும்பகுதி வடமொழி ஆகமங்களும் அவற்றைச் சார்ந்த பத்ததிகளும் ஆகும். கோயிற்கிரியை முறைகளைச் சொல்லும் அந்நூல்களில் ஒரு சொல் பிரிப்பு மாறினால் சடங்கே மாறக்கூடும். படம் பிடிப்பதோடு பணி முடிந்ததாகக் கருதும் போக்கு திட்ட அறிக்கைகளுக்கு வசதியானது. நூலுக்கு அது போதாது.

ஓஏஐஎஸ் என்று சுருக்கமாக வழங்கும் காப்பக மாதிரி, விண்வெளி ஆய்வு நிறுவனங்களின் கூட்டுக் குழு வகுத்து, ஐஎஸ்ஓ 14721 என்னும் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. இத்துறையின் அடிப்படை நூல் என்றே அதைச் சொல்லலாம். விண்கலங்கள் அனுப்பிய எண்களைக் காக்க வந்த அந்த ஆவணம், எதிர்பாராத ஓரிடத்தில் உரைமரபின் மொழியைப் பேசுகிறது. காப்பகம் எதற்காக இருக்கிறதோ அந்த வாசகர் கூட்டத்தைக் குறிப்பிட்ட சமூகம் என்று அது வரையறுக்கிறது. அச்சமூகம் ஏற்கெனவே அறிந்தவை எவை, அறியாதவை எவை என்பதைக் கணித்து, அறியாதவற்றை விளக்கும் துணைத்தகவலையும் கோப்புடன் சேர்த்துக் காக்க வேண்டும் என்கிறது. துணைத்தகவல் இல்லாத கோப்பு அதன் கணக்கில் காக்கப்பட்ட கோப்பே இல்லை.

இதன் முழுப் பொருளையும் 1880இல் கும்பகோணத்தில் நிகழ்ந்தது காட்டும். சேலம் இராமசாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியை எடுத்த உ.வே. சாமிநாதையரிடம் ஏடு இருந்தது, நச்சினார்க்கினியர் உரை இருந்தது, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற தமிழ் இருந்தது; ஆனால் நூலின் சைனக் கருத்துகள் பிடிபடவில்லை. அதே ஊரில் சைனர் வாழ்ந்த வீடுகளில் சிந்தாமணி முறையாகப் பாடம் சொல்லப்பட்டு, பூர்த்தியாகும் நாள் விழாவாகவே கொண்டாடப்பட்டு வந்ததை அவர் பின்னர் அறிந்தார். ஐயங்களை அவர்களிடம் கேட்டுத் தெளிந்துதான் 1887இல் நூல் அச்சேறியது. ஏட்டைச் சைவ மடங்களும் வைத்திருந்தன, புலவர் வீடுகளும் வைத்திருந்தன. நூலை வைத்திருந்தவர்கள் அதை வழிபாட்டின் பகுதியாகப் படித்துவந்த அந்தச் சிலர். அவர்கள் இல்லாதிருந்தால் பதிப்பு வந்திருக்கலாம்; வந்திருக்கக்கூடியது எழுத்துப்பிழையற்ற ஒரு புதிர்.

இனி இவ்விவாதத்தின் சமயப் பகுதிக்கு வரலாம். காத்தலைப் பற்றி ஆகமங்கள் சொல்வதைப் பலர் பழையதை எப்பாடுபட்டேனும் வைத்திருக்கும் கொள்கை என்று கருதுகின்றனர். உண்மையில் அவை பழையதை விடுவதற்கும் முறை வகுத்துள்ளன. திருமேனி பழுதுற்றால் செய்ய வேண்டியது சீர்ணோத்தாரணம். முதலில் அத்திருமேனியில் விளங்கும் தெய்வ ஆற்றலைக் கலாகர்ஷணம் என்னும் கிரியையால் கும்பநீரில் ஏற்றி, பாலாலயம் என்னும் தற்காலிகக் கோயிலில் எழுந்தருளச் செய்து, பூசை ஒருநாளும் தடைப்படாமல் நடத்துவர். அதன் பின்னரே பழைய திருமேனி, மரமாயின் தீயிலும் கல்லாயின் ஆழ்ந்த நீரிலும் விடப்படும். புதிய திருமேனி செய்து, கும்பத்திலிருந்து ஆற்றலை அதில் நிறுவிக் குடமுழுக்குச் செய்வர். இவ்வரிசையில் கவனிக்கத்தக்கன இரண்டு. பழையது விடப்படுவது ஏற்றம் முடிந்த பின்னரே. ஏற்றம் முழுமை பெறுவது புதிய இடத்தில் வழிபாடு தொடரும்போதே.

என் சரித்திரத்தில் சாமிநாதையர் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலைப் பற்றி எழுதுவது தமிழ்ப் படிப்பாளிகள் பலரும் அறிந்தது. அங்கே பாண்டியர் காலச் சுவடிகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு அவர் சென்றபோது, பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடலாகாது, நெய்யில் தோய்த்து ஆகுதி செய்துவிட வேண்டும் என்பது ஆகமவிதி என்று கருதி அவற்றை எரித்துவிட்டதாகத் தெரிய வந்தது. ஆடிப் பெருக்கில் ஏடுகளை ஆற்றோடு விடும் வழக்கத்தையும் அவர் வருத்தத்துடன் குறிப்பிடுகிறார். இச்செய்திகளை மூடநம்பிக்கைக்குச் சான்றாகக் காட்டுவது எளிது, பலர் காட்டியும் உள்ளனர். ஆனால் எரித்தவர்கள் சமயவிதியை மீறியது அதைக் கடைப்பிடித்ததாலன்று, பாதியை மட்டும் கடைப்பிடித்ததால். சிதைந்த ஏட்டைப் புதிய ஓலையில் பெயர்த்தெழுதி, மூலத்தோடு ஒப்பிட்டு, அதன் பின் பழையதை நீருக்கோ தீக்கோ தரும் வரையில் அச்சடங்கில் குறை காண இடமில்லை. ஓலையின் ஆயுள் சில நூற்றாண்டே ஆகையால் அப்படிப் பெயர்த்தெழுதிய தலைமுறைகளாலேயே சங்கநூல்கள் அச்சுக்காலம் வரை வந்தன. படியெடுக்கும் வழக்கம் நின்ற பின்னும் விடுவிக்கும் வழக்கம் நிற்கவில்லை. கலாகர்ஷணம் இல்லாமல் திருமேனியை நீரில் இட்டதற்கு ஒப்பான செயல் அது.

அதே பிழையை நெய்யும் தீயும் இல்லாமல் அறிவியலின் பெயரால் செய்தவர்களும் உண்டு. 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்க நூலகங்கள் பல, செய்தித்தாள்களை நுண்படச் சுருளில் பதிந்த பின் மூலத் தொகுதிகளை விற்றும் எறிந்தும் விட்டதை நிக்கல்சன் பேக்கர் 2001இல் வெளியான தம் நூலில் கடுமையாகச் சாடினார். வண்ணப் படங்கள் கறுப்பு வெள்ளையாயின, சில பக்கங்கள் மங்கலாயின, சில விடுபட்டன. ஒப்பிடுவதற்கு மூலம் கையில் இல்லை.

இதற்கு மறுகோடியில் நிற்பது யூதரின் கெனிசா. இறைவனின் பெயர் எழுதப்பட்ட தாளை அழிக்கலாகாது என்பதால், பயன்படாதவற்றை ஓர் அறையில் இட்டு வைத்துப் பின்னர் அடக்கம் செய்வது அவர்கள் மரபு. கெய்ரோவின் பழைய நகரப் பகுதியாகிய ஃபுஸ்டாட்டில் பென் எஸ்ரா தொழுகைக் கூடத்தின் அறை பல நூற்றாண்டுகள் அப்படியே நிறைந்து கிடந்தது. 1896–97இல் சாலமன் ஷெக்டர் அங்கிருந்து ஏறத்தாழ 1,93,000 துண்டுகளைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுசென்றார். கர்நாடகத்தின் மூடபித்ரியில் திகம்பரச் சைனரின் ஷட்கண்டாகமமும் வீரசேனர் எழுதிய தவளா உரையும் பனையோலையில் பல நூற்றாண்டுகள் தரிசனத்துக்கு மட்டுமே உரியனவாய் இருந்தன. பெரும்பாடுபட்டுப் படியெடுக்கப்பட்டு 1939இல்தான் அச்சு தொடங்கியது. சிந்தாமணியிலிருந்து பெறப்பட்ட முடிவை இவ்விரண்டும் சற்றே தடுக்கின்றன. படிப்பவர் இல்லாமலே, வணக்கம் ஒன்றினாலேயே, உடல் நெடுங்காலம் காக்கப்படலாம். பின்னொரு நாள் படிப்பவர் வந்து சேரலாம். ஆனால் அந்தக் காத்திருப்பு ஓலைக்கும் தாளுக்கும் இயலும். எவரும் திறக்காத கோப்பை வணக்கம் காப்பாற்றாது.

நூல் அழிவைச் சமயம் எவ்வாறு ஏற்றது என்பதற்குத் தேவாரம் கிடைத்த வரலாறு தமிழில் உள்ள மிக விரிவான சான்று. உமாபதி சிவாசாரியார் பெயரில் வழங்கும் திருமுறைகண்ட புராணத்தின்படி, சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் தில்லைக் கோயிலில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தபோது ஏடுகளைப் புற்று மூடியிருந்தது. எண்ணெய் சொரிந்து எடுத்துப் பார்த்தபோது பெரும்பகுதி செல்லரித்திருந்தது. மன்னன் கலங்கியபோது, இக்காலத்துக்கு வேண்டுவனவற்றை மட்டும் வைத்துவிட்டு ஏனையவற்றைச் செல்லரிக்கச் செய்தோம் என்று இறைவனின் குரல் எழுந்தது. இன்றைய ஆவணவியலில் தெரிவு எனப்படுவது, எதை வைப்பது எதை விடுவது என்னும் தீர்மானம், மனிதர் அஞ்சும் பணி. புராணம் அதை இறைவனிடம் ஒப்படைத்து மன்னனின் துயரை ஆற்றுகிறது. துயர் ஆற்றுவதற்கு அது தக்கது, கொள்கையாக்குவதற்கு அன்று. ஏனெனில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிடைவாய்க் கோயில் கல்வெட்டு ஒன்றில், ஏடுகளில் இல்லாத சம்பந்தர் பதிகம் ஒன்று முழுமையாகக் கிடைத்தது. வேறோரிடத்தில் வேறொருவர் வேறு பொருளில் வைத்த படி, தில்லையில் செல்லரித்ததை ஈடுசெய்தது. உள்ளது அழியாது, காரியம் தன் காரணத்தில் நுண்மையாக ஒடுங்கும் என்னும் சற்காரியவாதத்தைச் சித்தாந்தம் ஏற்கிறது என்பதும், ஒடுக்கத்தை இறைவனின் ஐந்தொழிலில் ஒன்றாகக் கொள்கிறது என்பதும் உண்மை. எனினும் 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்ததை அந்த ஒடுக்கத்தின் கணக்கில் எவரும் எழுதியதில்லை. சங்காரம் இறைவன் தொழில்; தீவைப்பு மனிதர் தொழில். 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகத் திட்டம் ஈழத்து நூல்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பதிவேற்றுவதும் மனிதர் தொழிலே.

அப்புராணத்தின் பிற்பகுதி குறைவாகவே பேசப்படுகிறது. ஏடுகள் கிடைத்த பின்னும் அவற்றை எந்தப் பண்ணில் பாடுவது என்பது எவருக்கும் தெரியவில்லை. திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணரின் வழிவந்த ஒரு பெண் பண்களை வகுத்துக் கொடுத்த பிறகே தேவாரம் தேவாரமாயிற்று. ஆஸ்திரேலியத் தேசிய ஆவணக் காப்பகம் 2002இல் முன்வைத்த நிகழ்த்துகை மாதிரி சொல்வதும் இதுவே: காக்கப்படும் மூலமும் அதை இயக்கும் முறையும் சேர்ந்து ஒவ்வொரு முறையும் நிகழும் நிகழ்வுதான் ஆவணம், மூலம் மட்டும் ஆவணம் ஆகாது. தருமபுரம் ப. சுவாமிநாதன் பாடிய தேவாரப் பதிவுகள் இன்று எவர்க்கும் எளிதில் கிடைக்கின்றன, அவை அரிய செல்வம். ஆனால் எருக்கத்தம்புலியூர்ப் பெண் ஒலிப்பதிவு தரவில்லை, பாடக் கற்றுக்கொடுத்தார். பதிவைக் கேட்டுக் கற்கும் ஓதுவார் இருக்கும் வரை பதிவு பாலாலயம். அவரும் இல்லாதபோது அது வெறும் ஒலி.

இவ்விடத்தில் தகுதி பற்றிய பழைய கேள்வி குறுக்கிடுகிறது. ஆகமங்கள் தீக்கை பெற்றவர்க்கே உரியவை என்னும் விதி, அவற்றை இணையத்தில் எவரும் காண வைத்திருப்பதோடு பொருந்தாது. அவ்விதி பல நூல்களைப் பூட்டிவைத்து அழியவிட்டது என்பதை மறைத்துப் பயனில்லை, ஆகவே திறந்துவைத்தவர்கள் செய்தது சரியே. ஆயினும் அவ்விதியில் பூட்டு மட்டும் இல்லை, பொறுப்பும் இருந்தது. நூலைப் பெற்றவர் அதைப் படிக்கவும் ஒழுகவும் மற்றொருவருக்குச் சொல்லவும் கடமைப்பட்டவர். எல்லாருக்கும் உரியது என்று அறிவிக்கப்பட்ட கோப்புக்கு அப்படிக் கடமைப்பட்டவர் ஒருவரும் இல்லாமல் போவது நடைமுறையில் காணும் உண்மை.

அக்கடமையின் சுவடு ஏடுகளின் கடைசி ஓலையில் இருக்கும். எந்த ஆண்டு, எந்தத் திங்கள், எந்த நாள், யாருடைய ஏடு, யார் எழுதியது என்றெல்லாம் குறித்து, பிழை பொறுக்குமாறு பெரியோரை வேண்டி முடிப்பது எழுதுவோர் வழக்கம். பிரெமிஸ் என்று அறியப்படும் காப்பகத் தரவு அகராதி 2005இல் வெளியானது முதல், ஒரு கோப்புக்கு நேர்ந்த ஒவ்வொரு மாற்றத்தையும் நிகழ்வாகப் பதிந்து, அதைச் செய்தவரையும் குறிக்கும் முறை உண்டு. செய்தவர் ஆளாகவோ நிறுவனமாகவோ மென்பொருளாகவோ இருக்கலாம். ஆயிரக்கணக்கான கோப்புகளை ஒரே இரவில் வடிவம் மாற்றும் இன்றைய நிலையில் அவ்விடத்தில் நிரலின் பெயரும் பதிப்பெண்ணும் இடம்பெறுவது இயல்பே. மாற்றம் முடிந்த பின் நூலைத் திறந்து படித்துப் பார்த்தவர் யார் என்பதற்கும் ஒரு நிகழ்வுப் பதிவு வேண்டும் என்பதும், அது வெறுமையாக உள்ள வரை பழைய கோப்பை விடலாகாது என்பதும் சீர்ணோத்தாரண விதியிலிருந்து நேரே பெறப்படும் நடைமுறை முடிவுகள். அப்படிப் பெயர் குறிக்கும் வழக்கம் தமிழ் மின்னூல்களில் முன்பே இருக்கிறது: மதுரைத் திட்டத்தின் கோப்புகளில் தட்டச்சு செய்தவர் பெயரும் மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் நூலுக்கு முன்னே நிற்கின்றன, குறியேற்றம் மாறியபோது நூலோடு சேர்த்து அப்பெயர்களும் மாற்றப்பட்டன.